நனைத்துவிட்டு வெட்டுங்கள்: தலையணை உறை கேள்வி-பதில்

தீபாவளி நெருங்கிவிட்டது. முறுக்கு, அதிரசம் பற்றியெல்லாம் கேட்டு முடித்துவிட்டு எல்லாரும் சோபா தலையணைக்கு வந்துவிட்டார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் வீட்டில் மெஷின் இல்லை, கையால்தான் தைக்கிறார்கள். நல்லது. கைத்தையலுக்கான பதில்கள் மட்டும் கீழே. வந்த கடிதங்களில் பாதிக்கு ஒரே பதில்தான் என்பதால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: குஷன் உறைக்கு எவ்வளவு துணி வேண்டும்? (சுங்கை சிப்புட்)

எந்த அளவு குஷனுக்கு? அதைச் சொல்லாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? கடையில் அதிகம் கிடைப்பது 16 அங்குலமும் 18 அங்குலமும். உங்களுடையது 16 என்று வைத்துக்கொள்கிறேன். முன்பக்கத்துக்கு 17க்கு 17. பின்பக்கத்துக்கு 17க்கு பதினொன்றரை அளவில் இரண்டு துண்டு. 45 அங்குல அகலத் துணியில் இந்த மூன்றையும் ஒரே வரிசையில் போட்டால் 40 அங்குலம்தான் ஆகும். ஆக, ஓர் உறைக்கு அரை மீட்டர், ஐந்துக்கு இரண்டரை மீட்டர். பாட்டி கெஜத்தில் கணக்குச் சொன்னால் அதே எண்ணை மீட்டரில் வாங்குங்கள். கெஜம் 36 அங்குலம், மீட்டர் 39 சொச்சம். மிஞ்சுமே தவிரக் குறையாது. வாங்கி வந்ததும் நனைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

கேள்வி: அளந்துதான் தைத்தேன். முதல் தடவை துவைத்ததுமே உறை இறுகிப்போய், குஷன் உள்ளே போக மறுக்கிறது. ஏன்? (கூலிம்)

நனைக்காமல் வெட்டினீர்கள். பருத்தித் துணி முதல் நனைப்பிலேயே நூற்றுக்கு மூன்று, நான்கு என்று சுருங்கும். 17 அங்குலத்தில் அரை, முக்கால் அங்குலம் போய்விடும். குஷனிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துவிட்டுப் போடுங்கள், வேறு வழியில்லை.

கேள்வி: தைக்கும்போது நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுகிறது. நல்ல நூல்தான் வாங்கினேன். (தாப்பா)

நூல்மேல் பழி போடாதீர்கள். அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பல்பட்டு ஆளுயரத்துக்கு நூல் எடுத்திருப்பீர்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, 18 அங்குலம் போதும். உருண்டையிலிருந்து முதலில் வரும் நுனியை ஊசியில் கோத்து, வெட்டிய நுனியில் முடிச்சுப் போடுங்கள். ஓரம் இணைக்கும் நூலாக இருந்தால் மெழுகுவர்த்தியில் ஒரு தடவை இழுத்துக்கொள்ளலாம். பூவேலை நூலுக்கு மெழுகு ஆகாது, பளபளப்பு செத்துவிடும்.

கேள்வி: திரங்கானுவிலிருந்து அண்ணி வாங்கி வந்த பாத்தேக் துணியில் உறை தைக்கப் போகிறேன். சாயம் போகுமா? உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் நிற்கும் என்கிறார்களே? (தைப்பிங்)

உப்பு, வினிகர் எல்லாம் சமையலுக்கு. சாயம் ஏற்றும்போது ஒழுங்காகப் பிடிக்காததை வீட்டு உப்பு பிடித்து வைக்காது. துணியைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் போட்டு அலசுங்கள். தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை. நிழலில் காயட்டும். பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் வெளிர்நிறத் துணியோடு அதை இணைக்க வேண்டாம். பூவேலையையும் அந்தத் துணிமேல் செய்யாதீர்கள், வெள்ளை நூல் முதல் துவையலிலேயே ரோஸ் ஆகிவிடும்.

கேள்வி: டீச்சர், நாலு பக்கமும் தைத்து, பஞ்சை அடைத்து, கடைசி ஓரத்தையும் மறைதையல் போட்டு மூடிவிட்டேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆறு மாதத்தில் ஒரு மாதிரி வாடை வருகிறது. அப்படியே துவைக்கலாமா? (பீடோர்)

கூடாது. பிரியுங்கள்.

சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. உறை என்றால் கழற்றத்தான். கழற்ற முடியாததை உறை என்று சொல்லி ஏன் தைக்கிறீர்கள்? நாம் இருப்பது காற்றிலேயே ஈரம் நிற்கும் ஊர். காலையில் பனி, மத்தியானம் புழுக்கம், சாயங்காலம் மழை. போதாததற்குத் தலை எண்ணெய், வியர்வை, சாமி மேடைச் சாம்பிராணி, எஸ்டேட் சாலையின் செம்மண் தூசி. எல்லாம் அந்தத் தலையணைக்குள்தான் போய் உட்காரும்.

போன மாதம் ஒரு பெண் இப்படி மூடித் தைத்த ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே மயில். தோகையின் ஒவ்வோர் இறகும் சங்கிலித் தையல், கண்ணுக்கு நிரப்புத் தையல், நல்ல கை. ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இலவம்பஞ்சு கட்டி கட்டியாக ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. துணியின் உள்பக்கம் முழுக்க மிளகுப் பொடி தூவியதுபோல் பூஞ்சைப் புள்ளி. பூவேலையின் பின்புற முடிச்சுகளிலும் ஏறியிருந்தது. வெறும் வெள்ளைத் துணி என்றால் பிளீச்சில் போட்டுப் பார்க்கலாம். மயில் நீலத்தை பிளீச்சில் போட முடியுமா? மாதக்கணக்கில் செய்த வேலை, துவைக்க வழியில்லாததால் வீண். இதில் எங்கோ ஒரு வார இறுதி வகுப்பில் மூடித் தைக்கவே கற்றுக் கொடுக்கிறார்களாம். போட்டோவில் நன்றாக இருக்கும், அதுவரைதான்.

ஜிப் வேண்டாம். கையால் ஜிப் தைக்கும் பொறுமை பத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. பின்பக்கத்தை இரண்டு துண்டாக விட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி தைத்தால் போதும். மேலே சொன்ன 17க்கு பதினொன்றரைத் துண்டுகள் இதற்குத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை அரை அங்குலம், மறுபடி அரை அங்குலம் மடித்து எம்மிங் செய்யுங்கள். முன்துணியை நல்ல பக்கம் மேலே வைத்து, பின்துண்டுகளை நல்ல பக்கம் கீழே பார்க்க அதன்மேல் பரப்பினால் நடுவில் நாலு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். சுற்றிலும் அரை அங்குலம் உள்ளே பின்தையல், அதாவது ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து போடும் தையல். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகும் ஓட்டுத் தையல் ஆகாது, ஒரு பிள்ளை இழுத்தால் வாயைப் பிளந்துவிடும். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் மொத்தம் ஐந்நூறு சொச்சம் வரும், இரண்டு சாயங்கால வேலை. துணி ஏறும் இடங்களில் இரண்டு தடவை தையுங்கள், முதலில் விடுவது அங்கேதான். அப்புறம் திருப்பிவிடலாம்.

பஞ்சுக்குத் தனியாக ஓர் உள்பை வேண்டும். பழைய வேட்டித் துணி போதும். இலவம்பஞ்சைத் துவைக்க முடியாது, வெயிலில்தான் போட வேண்டும். பாலியெஸ்டர் பஞ்சு என்றால் அலசலாம், ஆனால் நன்றாகக் காயாமல் உறைக்குள் திணித்தால் பழைய கதைதான்.

கேள்வி: மூலைகள் பூனைக் காது மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. (பந்திங்)

சரியான சதுரமாகத் தைத்தால் அப்படித்தான் நிற்கும். மூலைக்கு நாலு அங்குலம் முன்னாலிருந்தே கோட்டை மெல்ல உள்ளே சரித்து, மூலையில் அரை அங்குலம் உள்வாங்கித் தையுங்கள். திருப்பும் முன் மூலையில் மிஞ்சும் துணியைத் தையலுக்குக் கிட்டே வெட்டிவிடுங்கள், தையலில் கத்தரி படாமல்.

கேள்வி: பூவேலை நூலை எத்தனை இழையாகப் பிரிப்பது? (கிள்ளான்)

ஒரு நூல்கண்டில் ஆறு இழை, எட்டு மீட்டர். நிரப்புத் தையலுக்கு இரண்டு, சங்கிலித் தையலுக்கும் காம்புத் தையலுக்கும் மூன்று. ஒவ்வோர் இழையாகத் தனியே உருவி, பிறகு சேருங்கள். மொத்தமாக இழுத்தால் சிக்கும். ஊசி எண் கூடக் கூட மெலியும் என்பதும் நினைவிருக்கட்டும், மூன்று இழைக்கு ஏழாம் எண் சரி.

கேள்வி: இறந்துபோன அம்மாவின் காஞ்சிபுரம் பட்டுச்சேலை பீரோவில் கிடக்கிறது. தங்கைக்கும் எனக்கும் ஆளுக்கொரு தலையணை உறையாக்கலாமா? (சிரம்பான்)

ஆக்கலாம். ஆனால் முதலில் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்பு வழியாகத்தான் கிழியும். அங்கே வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தால் அந்த இடத்தை விட்டு வெட்டுங்கள். முந்தானையையும் நல்ல உடலையும் தொட வேண்டாம், யாராவது ஒருநாள் உடுத்தலாம். கட்டிக் கட்டிக் கொசுவத்தின் கீழே தேய்ந்த பகுதியே இரண்டு உறைக்குத் தாராளம்.

பட்டை மட்டும் நனைக்காதீர்கள். நான் எல்லாவற்றையும் நனைக்கச் சொல்பவள்தான், ஆனால் பழைய பட்டும் சரிகையும் அதற்கு விலக்கு. அடியில் கொடுக்கும் மல் என்ற மெல்லிய பருத்தித் துணியைத்தான் நனைத்துக் காயவைத்து எடுக்க வேண்டும். பட்டை அதன்மேல் பரப்பி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரியாக மெல்லிய ஓட்டுத் தையலில் இரண்டையும் பிணைத்துவிட்டு வெட்டுங்கள். பாரத்தை மல் தாங்கும், பட்டு தாங்க வேண்டியதில்லை. பின்பக்கத்துக்கு அதே நிறத்தில் பருத்தி போதும். சரிகைக் கரையின்மேல் ஊசி போட வேண்டாம், கரைக்குப் பக்கத்தில் போடுங்கள். பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் சோபாவில் இதை வைக்காதீர்கள்.

கேள்வி: துணியில் வரையும் நீலப் பேனாவால் கோலம் வரைந்து தைத்தேன். தண்ணீரில் போகும் என்றார்கள், போகவில்லை. (தெலுக் இந்தான்)

அலசும் முன் இஸ்திரி போட்டிருப்பீர்கள். சூடு பட்டால் அந்த மை அங்கேயே தங்கிவிடும். இனி வரைந்த கோட்டின்மேல் இன்னொரு வரிசை தையல் போட்டு மறையுங்கள்.

கேள்வி: ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்திருந்தேன், துருக்கறை. (குளுவாங்)

வெள்ளைப் பருத்தி என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள். கலர் துணி என்றால் அதே இடத்தில் ஒரு பூ தைத்துவிடுங்கள். இரவில் ஊசியையும் எடுக்க வேண்டும், துணியை இறுக்கிப் பிடிக்கும் பூவேலை வளையத்தையும் கழற்ற வேண்டும். வளையத் தடம் விழுந்தால் இஸ்திரிக்கும் எளிதில் அசையாது.

கேள்வி: தைக்க நேரமில்லை. கண்ணாடியும் மணியும் பசை வைத்து ஒட்டிவிடலாமா? (சுங்கைப்பட்டாணி)

ஒட்டுங்கள். துவைத்த பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன தையல்? (ஈப்போ)

படத்தில் உங்கள் கட்டைவிரலும் பாதி சோபாவும்தான் தெரிகிறது. ஜன்னலோரம் வைத்து, கிட்டே எடுங்கள். துணியின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள், எந்தத் தையல் என்று அங்கே பார்த்தால்தான் சொல்ல முடியும்.