பரணில் கிடந்த தறி கலையாகுமா?

கேள்வி: ஒரு கண்காட்சியில் பாட்டியின் பழைய தறியையும் அவர் நெய்த துணியையும் அம்மா பின்னிய துணிகளையும் கயிறு கட்டித் தொங்கவிட்டு, 'என் குடும்பத்தின் நினைவு' என்று எழுதி வைத்திருந்தார்கள். பரணில் கிடந்த சாமானை இறக்கிக் கூடத்தில் வைத்தால் கலையா? உழைத்தது பாட்டி, பெயர் பேத்திக்கா?

பதில்: இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலாவதில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது, கேட்டே தீர வேண்டிய கேள்வி.

பரண் சாமான் என்று அவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள். சீனக் கலைஞர் சோங் தோங் 2005இல் பெய்ஜிங்கில் தன் தாய் சேர்த்து வைத்திருந்த வீட்டுப் பொருட்களையே பரப்பி வைத்தார். சோப்புக்கட்டி, துணித்துண்டு, காலி புட்டி என்று பத்தாயிரத்துக்கும் மேல். கணவரை இழந்து துக்கத்தில் முடங்கியிருந்த அந்த அம்மாவே வந்து அவற்றை அடுக்கினார், பார்க்க வந்தவர்களோடு பேசினார். அதைப் போய்க் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கைத்தொழிலில் விஷயம் இன்னும் ஆழம். தறியை எடுத்துக் கொடுத்துவிடலாம், கைப்பழக்கத்தை அப்படிக் கொடுக்க முடியாது. நூலை எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது பக்கத்தில் உட்கார்ந்து செய்து செய்துதான் விரலுக்குப் பிடிபடும். சிற்பி லூயீஸ் பூர்ஷ்வா பிரான்ஸில், பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுதுபார்க்கும் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்தத் திரைகளில் அடிப்பகுதிதான் முதலில் நைந்து போகும், நெய்த உருவங்களுக்குப் பாதமே இருக்காது. காணாமல் போன அந்தப் பாதங்களை வரைந்து கொடுப்பது சிறுமி லூயீஸின் வேலை. 1999இல், 87 வயதில், சுமார் 9 மீட்டர் உயர எஃகுச் சிலந்தி ஒன்றைச் செய்து அதற்கு 'அம்மா' என்று பெயர் வைத்தார். அதில் ஒரு முழம் துணிகூடக் கிடையாது. ஆனால் கிழிந்ததைத் தைத்துக்கொண்டே இருந்த தாய் அங்கே நிற்கிறாள்.

அதனால் நான் தேடுவது பேத்தியின் கையை. அவர் அந்தத் தறியில் உட்கார்ந்தாரா? நாலு விரற்கடை நெய்து, கோணலாக வந்ததைப் பாட்டியின் துணிக்குப் பக்கத்தில் மாட்டினாரா? வெறுமனே கொண்டுவந்து தொங்கவிட்டார் என்றால், சரி, உங்கள் கோபம் நியாயம்தான்.

அப்புறம் பெயர். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரில், கறுப்பினப் பெண்கள் பழந்துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார்கள். மிசூரி பெட்வே 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் போர்வைகளில் முழங்கால் தேய்ந்து வெளுத்த இடம் அப்படியே தெரியும். பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெயில் படாமல் அடர்நீலமாக இருக்கும். 2002இல் ஹூஸ்டனிலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்தப் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள், தைத்தவர்களின் பெயரோடு.

நீங்கள் பார்த்த கண்காட்சியில் பெயரட்டை என்ன சொன்னது? பேத்தியின் பெயர் மட்டும் முழுசாக இருந்து, நெய்தவர் வெறும் 'பாட்டி'யாக நின்றிருந்தால், அதைத் திருட்டு என்று சொல்ல நான் தயங்க மாட்டேன். இன்னும் நடக்கிறது என்றால் ஒருமுறை போய்ப் படித்துவிட்டு எழுதுங்கள். கயிற்றில் தொங்கவிட்டதைக் குறையாகச் சொன்னீர்கள். சுவரில் அடித்திருந்தால் முன்பக்கம்தான் தெரியும். நீங்கள் சுற்றிப்போய்ப் பின்பக்கத்தைப் பாருங்கள்: முடிச்சுகள், நூல் தீர்ந்து வேறு சாயத்தில் தொடர்ந்த இடம், பிரித்துப் போட்ட தையலின் துளைகள்.