முதியோர் இல்லத்துல ஆஸ்பில்டுங், போலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

கேரளா-தமிழ்நாடு எல்லையில இருக்கற கொழிஞ்சாம்பாறைத் தங்கச்சி கேட்டது இதுதான். ப்ளஸ் டூ முடிச்சு, கோயம்புத்தூர்ல ஜெர்மன் மொழியில பி1ங்கற நடுத்தர நிலைப் பரீட்சை பாஸ் பண்ணியாச்சு. ஜெர்மனியில நர்ஸிங் ஆஸ்பில்டுங்குக்கு, அதாவது சம்பளம் வாங்கிட்டே வேலையும் படிப்புமாக் கத்துக்கற பயிற்சிக்கு, ஒப்பந்தமும் வந்துடுச்சு, ஆனா ஆஸ்பத்திரியில இருந்து இல்ல, முதியோர் இல்லத்துல இருந்து. கூடப் படிக்கிற பிள்ளைக "ஆஸ்பத்திரி கிடைக்காதவங்கதான் அங்க போவாங்க"ங்குதுக. அம்மா வேற "ஊர் பேர் தெரியாத கிழவனுக்குக் கால் கழுவி விடவா உன்னைப் படிக்க வச்சேன்"னு அழுகறாங்களாம்.

போலாம் கண்ணு. நானும் உன் பக்கத்து வேலந்தாவளத்துக்காரிதான். இங்க ஜெர்மனியில முதியோர் இல்லத்துல அதே வேலைதான் பாக்கறேன், புதுசா வர்ற பிள்ளைகளுக்குப் பழக்கிக் குடுக்கறதும் நான்தான்.

2020க்கு முன்னால ஜெர்மனியில முதியோர் பராமரிப்பு தனிப் படிப்பு, ஆஸ்பத்திரி நர்ஸிங் தனிப் படிப்பு. இப்ப குழந்தைகள் நர்ஸிங்கையும் சேர்த்து ஒரே மூணு வருஷப் படிப்பு. ஒப்பந்தம் இல்லத்தோட இருந்தாலும் ஆஸ்பத்திரியில 400 மணி நேரம், வீடு வீடாப் போய்ப் பாக்கற சேவையில 400 மணி நேரம் கட்டாயம். பொதுத் தகுதியோட முடிச்சா எங்க வேணும்னாலும் வேலை தேடலாம். கடைசி வருஷத்துக்கு முன்னால 'முதியோர் பராமரிப்பு மட்டும்'னு மாத்திக்கச் சொல்லிக் காகிதம் நீட்டுனா கையெழுத்துப் போடாத. அதை முடிவு பண்ற உரிமை உனக்குத்தான், இல்லத்துக்கு இல்ல.

உன் கூடப் படிக்கிறவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. நம்ம பக்கம் நர்ஸிங் படிக்கிற எவளைக் கேட்டாலும் ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், குழந்தைகள் வார்டும்பா. ஜெர்மன் பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படித்தான், நம்மளைக் கூப்பிடறதுக்கு அதுவும் ஒரு காரணம். மெஷினும் இல்ல, குணமாகி வீட்டுக்குப் போறவங்களும் கம்மி, இதுல கத்துக்க என்ன இருக்குன்னு ஒரு நினைப்பு.

கத்துக்கறதுக்கு அங்கதான் நிறைய இருக்கு. இல்லத்துல டாக்டர் எந்நேரமும் இருக்க மாட்டார், உன் கண்ணுதான் எல்லாம். எங்க இல்லத்துல ஒரு பாட்டி, மத்தியானக் காப்பிக்கு முன்னால மேசைக் கைத்துணிகளை முனை பிசகாம மடிச்சு அடுக்குவாங்க. ஒரு நாள் துணி மடியில கிடக்க, சும்மா உக்காந்திருந்தாங்க. காய்ச்சல் இல்ல, வலின்னும் சொல்லல. பயிற்சிக்கு வந்த பொண்ணுதான் "இன்னிக்கு ஒண்ணுமே மடிக்கல"ன்னு ஓடி வந்தா. தண்ணி குடிச்ச கணக்கைப் பாத்தா காலையில இருந்து அரை டம்ளர்தான். டாக்டருக்குப் போன் போட்டு யூரின் அனுப்புனா இன்ஃபெக்‌ஷன். வயசானவங்களுக்கு அது பல நேரம் காய்ச்சலாக் காட்டாது. ஆஸ்பத்திரிதான் வேணும்னு வந்த புதுசுல முனகிட்டு இருந்தவதான் அந்தப் பொண்ணும்.

கால் கழுவற வேலை உண்டு, மறைக்கல. ஆம்பளைகளையும் குளிப்பாட்டணும். கதவைச் சாத்தி, மேல துண்டைப் போட்டு, தண்ணிச் சூடு போதுமான்னு கேட்டுட்டு முகத்துல இருந்து ஆரம்பிக்கணும். அவங்களே முகம் துடைச்சுக்குவாங்கன்னா துணியை அவங்க கையில குடுத்துட்டு நிக்கணும். நீ செஞ்சா சட்டுனு முடியும், ஆனா செய்யக் கூடாது. அருவருப்பு சீக்கிரமே போயிடும், இடுப்பு வலிதான் ஒட்டிக்கும். ஆளைத் தூக்கற கருவியான லிஃப்டர் இருக்கற இடத்துல அவசரம்னு கையால தூக்காத.

மொழிக்குத்தான் நான் உன்னைப் பயமுறுத்துவேன். பல்செட்டைக் கழட்டி வச்சுட்டு ஊர்ப் பேச்சுல பேசற தாத்தாகிட்ட உன் பி1 செல்லாது. ரேஷன் கடையில மலையாளம், வீட்டுல தமிழ்னு வளந்தவ, காது பழகிடும். என்ன, இங்க மலையாளிப் பிள்ளைக நிறைய. இடைவேளையெல்லாம் அவங்க கூடவே உக்காந்தா ஜெர்மன் வராது.

பணம். இந்தப் படிப்புக்கு ஃபீஸ் கிடையாது, இல்லம்தான் உனக்கு மாசாமாசம் சம்பளம் தரணும். அரசுத் துறைச் சம்பள ஒப்பந்தப்படி முதல் வருஷமே பிடித்தத்துக்கு முன்னால 1,300 யூரோவுக்கு மேல வரும். ஏஜென்ட் லட்சக்கணக்குல கேட்டா எதுக்குன்னு எழுத்துல வாங்கு. பாதியில விட்டா பணம் திருப்பிக் கட்டணும்னு ஒப்பந்தத்துல எங்கயாவது இருக்கான்னு பாரு. இருந்தா கையெழுத்துப் போடறதுக்கு முன்னால அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு.