மூணாறு தலைப்பும் பன்னாட்டு உறவும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நீடாமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் படிக்க விரும்புகிறேன். "கட்சியில் சேரப் போகிறாயா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அப்பா மறுக்கவில்லை, ஆனால் வயலும் வாய்க்காலுமாக இருக்கும் நமக்கும் வெளிநாட்டு விவகாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இவை இரண்டும் ஒரே படிப்பா, வேறுவேறா? தமிழ்வழியில் படித்த என்னால் முடியுமா?

தங்கள் வாசகி,
கவிதா

அன்புள்ள கவிதா,

உங்கள் தந்தை கேட்டது நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் ஊருக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று காவிரித் தண்ணீர் மூன்றாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஆற்றில் எத்தனை நாள், எவ்வளவு விடுவது என்று யாரோ முடிவு செய்கிறார்கள். மற்றவர்கள் அதை ஏற்கிறார்கள், அல்லது சாலையில் அமர்ந்து மறியல் செய்கிறார்கள். முடிவு செய்யும் அதிகாரம் எங்கிருந்து வந்தது, கடைமடைக்காரர் அதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும், கட்டுப்படாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றின் மேல்திசையில் நடந்துகொண்டே போனால், மேட்டூர் அணை, 1892, 1924 ஆகிய ஆண்டுகளில் சென்னையும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், தண்ணீரை மாநிலப் பட்டியலிலும் மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை முறைப்படுத்துவதை ஒன்றியப் பட்டியலிலும் வைத்த அரசமைப்புச் சட்டம், 1956ஆம் ஆண்டின் நதிநீர்த் தகராறுச் சட்டம், 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் என்று அரசியல் அறிவியலின் பாதிப் பாடத்தைக் கடந்துவிடுவீர்கள்.

நான் முதுகலை படித்துக்கொண்டிருந்த 1991ஆம் ஆண்டு ஜூனில், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று நடுவர் மன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அடுத்த மாதமே அதைச் செல்லாததாக்கக் கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க, அந்த அவசரச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. எங்கள் பேராசிரியர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். குடும்பத்துக்கு நிலம் உண்டு. அவர் எங்களிடம் கர்நாடகத்தின் தரப்பை, அவர்களுடைய வழக்கறிஞர் எழுதுவதைப் போல எழுதி வரச் சொன்னார். எனக்குக் கோபமே வந்தது. ஆனால் எழுதி முடித்தபோதுதான் நம்முடைய வாதம் எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே வெறும் ஆத்திரமாக இருக்கிறது என்பது முதன்முறையாகப் புரிந்தது. இந்தப் படிப்பு எனக்குக் கொடுத்தவற்றில் இதையே பெரிதாக நினைக்கிறேன். தேர்வுப் பயிற்சி மையங்களின் குறிப்பேடுகளில் விடைகள் கிடைக்கும். இந்தப் பழக்கம் கிடைக்காது.

மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டிய அளவை, நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பில் சொன்ன 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25ஆக 2018இல் உச்ச நீதிமன்றம் குறைத்தபோது நமக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் இரு மாநிலங்களுக்கும் மேலே ஒரு நீதிமன்றம் இருந்தது. அதன் தீர்ப்பின்படி காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அமைந்தது. இனி சிந்து நதியைப் பாருங்கள். உலக வங்கியின் முயற்சியால் 1960இல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக 2025 ஏப்ரலில் இந்தியா அறிவித்தது. இரு நாடுகளும் கட்டாயம் பணிந்தாக வேண்டிய ஒரு மேலதிகாரம் உலகில் இல்லை. தி ஹேக்கில் உள்ள பன்னாட்டு நீதிமன்றம்கூட, நாடுகள் அதன் அதிகார வரம்பை ஏற்றுக்கொண்டால்தான் வழக்கை விசாரிக்க முடியும். நடுவர் இருக்கும் இடத்தில் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதை அரசியல் அறிவியல் பெரும்பாலும் ஆராய்கிறது. நடுவர் இல்லாத இடத்தில் நாடுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பன்னாட்டு உறவுகள் ஆராய்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. முதலாவதில் இளங்கலையும் இரண்டாவதில் முதுகலையும் படிப்பது நல்லது என்பது என் கருத்து. தில்லியில் 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி, பிறகு ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த பன்னாட்டு ஆய்வுகள் பள்ளியை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு விவகாரம் தொலைவில் இருக்கிறது என்று உங்கள் தந்தை எண்ணினால், ஒருமுறை கோடியக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் கடலில் வகுத்த எல்லைக் கோடு அங்குள்ள மீனவர் வீடுகளில் அன்றாடப் பேச்சு. நெல்லுக்கும் அப்படியே: 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டபோது, வெளிநாட்டுச் சந்தைகளிலும் விலை அசைந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பக்கத்து ஊரான வலங்கைமானில் 1869இல் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, பள்ளி ஆசிரியராக இருந்த சீனிவாச சாஸ்திரி, 1921இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் (League of Nations) பேரவையில் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த ஒரு நாடு அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தது எப்படி? எது 'நாடு' என்று முடிவு செய்வது யார்? முதலாண்டில் இந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்பிப் பாருங்கள்.

தமிழ்வழி மாணவர்களுக்கு முதல் ஆண்டு கடினமாக இருக்கும். ஆங்கில நூல்களை மெதுவாகத்தான் படிக்க முடியும். வெட்கப்படாமல் மெதுவாகவே படியுங்கள். ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழில் விளக்கி எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் அது இன்னும் புரியவில்லை என்று பொருள். வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். வெளியுறவுப் பணிக்குக் குடிமைப் பணித் தேர்வு வழியாக மிகச் சிலரே செல்கிறார்கள். ஆசிரியப் பணி, இதழியல், சட்டம், ஆய்வு ஆகியவற்றையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

கல்லூரி திறப்பதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வாய்க்காலில் முறைப்பாசனம் வந்த ஆண்டுகளில் யாருக்கு முதலில் தண்ணீர் விட்டார்கள், யார் அதை எதிர்த்தார்கள், யார் சமாதானம் செய்தார்கள் என்று தந்தையிடம் கேட்டு, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.