சர்வரா, மிக்ஸியா?

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஒரு 2யூ ரேக் சர்வர் வாங்கி ஹால்ல வெச்சிருக்கேன் சார், ஃபோட்டோ பேக்கப்புக்காக. ராப்பகலா மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம், வீட்ல திட்டு தாங்க முடியல. உள்ள இருக்குற 80 எம்எம் ஃபேனையெல்லாம் கழட்டிட்டு, மேல் தகட்டை வெட்டி 120 எம்எம் ஃபேன் ரெண்டு மாட்டலாமா?

பதில்: பெரிய ஃபேன்ங்கிற யோசனை சரிதான், ஆனா தகட்டுல கையை வெச்சிடாதீங்க. யூங்கிறது ரேக் பெட்டியோட உயரத்தைச் சொல்ற அளவு, 2யூ பெட்டியோட உயரமே 88.9 எம்எம், 120 எம்எம் ஃபேன் அதுல நிக்காது, அதனாலதான் படுக்க வைக்கப் பாக்கறீங்க, புரியுது. ஆனா உங்க சிபியு மேல ஃபேனே இருக்காது, சூட்டை இழுத்து வெளிய விடுற உலோகத் தகடு அடுக்கான ஹீட்சிங்க் மட்டும்தான், முன்னாடியிருந்து வர்ற காத்து அந்த நெருக்கமான தகடுகளுக்குள்ள பூந்து பின்னாடி போகணும், மேல ஓட்டை போட்டா காத்து நோகாம அந்த வழியா போயிடும், சிபியு வெந்துடும்.

கணக்கு சொல்றேன். ஒரே டிசைன் ஃபேன்னா 80ல இருந்து 120க்குப் போகும்போது, ஸ்பீடை மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மியா வெச்சாலே அதே அளவு காத்து வந்துடும். ஸ்பீடைப் பாதியாக்கினாலே சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும்ங்கும்போது இது எவ்வளவு லாபம்னு பாருங்க. ஆனா காத்தைத் தள்ளுற அழுத்தம் அஞ்சுல ஒரு பங்காயிடும், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

மதர்போர்டு சாதாரண பிசில வர்ற ஸ்டாண்டர்ட் ஏடிஎக்ஸ் சைஸா இருந்தா ஒரு 4யூ கேஸ் வாங்கி அதுக்கு மாத்திடுங்க. உயரம் 177.8 எம்எம், 120 எம்எம் ஃபேன் மூணு வரிசையா நிக்கும். அழுத்தம் கம்மியான காத்து ஹீட்சிங்க் தகடுகளுக்குள்ள சரியா பூராதுங்கறதால சிபியுவுக்கு ஃபேன் வெச்ச கூலர் தனியா போடுங்க, ஹார்ட் டிஸ்குக்கான கன்ட்ரோலர் கார்டு இருந்தா அது மேலயும் ஒரு சின்ன ஃபேன், அது பெட்டிக்குள்ள அடிக்கிற காத்தை நம்பியே இருக்குற ஐட்டம். போர்டு கம்பெனியோட சொந்த சைஸ்னா இதெல்லாம் விட்டுட்டு ஸ்பீடைக் குறைக்க மட்டும் பாருங்க.

புது ஃபேன் மாட்டினதும் எல்லா ஃபேனும் சில செகண்டுக்கு ஒரு தடவை வீர்னு கத்தி அடங்கினா பயப்படாதீங்க. ஃபேன் மெதுவா சுத்துறதை ரிப்பேர்னு நெனச்சு போர்டு ஃபுல் ஸ்பீட் குடுக்குது, பல போர்டுல ஐபிஎம்ஐடூல்ங்கிற சர்வர் கன்ட்ரோல் சாஃப்ட்வேர் வெச்சு, ரிப்பேர்னு நினைக்கிற அந்தக் குறைந்தபட்ச ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) அளவை இறக்கலாம்.

தூக்கிப் பரண்ல போட்டுடுங்கன்னு யாராவது சொல்வாங்க, சித்திரை வெயில்ல அங்க நீங்க அரை மணி நேரம் உக்காந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கடைசியா மிச்சமிருக்குற கீச்சுச் சத்தம் பவர் சப்ளைல இருக்குற குட்டி ஃபேனோடது. அதைத் திறக்கவே திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கின அப்புறமும் உள்ள இருக்குற கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.