கவிதை வாசிப்பை ஊர் ஊராகக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் ஒரு நண்பர் வீட்டில் மாதாமாதம் பன்னிரண்டு பேர் கூடிக் கவிதை வாசித்து வந்தோம். இந்த வருடம் இடம் மாற்றி நடத்தத் தொடங்கினோம். மண்டபம் கிடைக்கிற நாளைப் பார்த்து நிலாவெளியில் வைத்தபோது ஊர்க்காரர் ஒருவரும் வரவில்லை, எங்களிலும் நாலு பேர் வரவில்லை. தொடரலாமா, வீட்டுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: தொடருங்கள்.

உங்கள் ஆட்கள் நாலு பேர் குறைந்ததற்கான காரணம் கேள்வியிலேயே இருக்கிறது. இடத்தோடு சேர்ந்து நாளும் மாறினால் யாருக்கும் பழகாது. போயா நாளை, அதாவது பௌர்ணமி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அரச விடுமுறை, கலண்டரில் எப்போதும் இருக்கிறது. பின்னேரம் 4 மணிக்குத் தொடங்கி ஆறுக்கு முன் முடித்தால் மஃரிப் தொழுகைக்குப் போகிறவர்களுக்கும் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் தூரத்துக்கு பஸ் பிடிக்கிறவர்களுக்கும் வசதி. கிண்ணியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009இல் பாலம் திறக்கும் வரை ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போகவேண்டும், இப்போது அந்தச் சாட்டுச் சொல்ல முடியாது. ரமழான் நோன்பு மாதத்தில் மட்டும் அங்கே வைக்க வேண்டாம்.

ஊர்க்காரர் வராததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வாசிக்கிறவர்களின் பட்டியலையும் தலைவரையும் உங்களோடேயே கூட்டிக்கொண்டு போனால் அந்த ஊருக்கு அதில் என்ன வேலை? ஒரு கிழமைக்கு முன்னரே போங்கள். சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்க்க வருகிறவர்களோடு கதையுங்கள். தலைமை அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு, முதல் மூன்று வாசிப்பும் அந்த ஊருக்கு. சொந்தமாக எழுதாதவர் பிறர் கவிதையை வாசிக்கலாம். திருகோணமலையில் 1939இல் பிறந்த கவிஞர் பிரமிளை எடுத்துக் கொடுங்கள், அவர் இந்த ஊர் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். பாட்டுப் பாடினாலும் சரி.

சில வருடங்களுக்கு முன் உப்புவெளியில் ஒரு மீன்வாடிக்குப் பக்கத்தில் நடத்தினோம். ஆவணி மாதம், கச்சான் காற்று. முதலாவதாக எழும்பிய பிள்ளையின் கையிலிருந்த தாள்கள் பறந்து கடலுக்குள் போய்விட்டன. அவள் அப்படியே நின்றாள். ஓரமாக இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர், “நான் ஒண்டு சொல்லட்டோ?” என்று கேட்டார். கையில் வலையோடேயே, கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை எடுத்தார். பக்கத்து வாடிகளில் இருந்தவர்கள் எழும்பி வந்து அடுத்த அடியை வாங்கிப் பாடினார்கள். அது முடிந்த பிறகு அந்தப் பிள்ளை தன் கவிதையை ஞாபகத்திலிருந்து சொன்னாள். நடுவில் இரண்டு வரி விட்டுப்போனது. அதுவரை எங்கள் கூட்டங்களில் அவ்வளவு அமைதியாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கடற்கரை வைகாசி முதல் ஆவணி வரைக்கும் சரி, தாளுக்குக் கல் வைக்க மறக்காதீர்கள். ஐப்பசி தொடங்கினால் மழை. மண்டபம் பார்க்கும்போது முதலில் கூரையைப் பாருங்கள். தகரக் கூரையில் மழை அடித்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் கேட்காது, ஓட்டுக் கூரை நல்லது. மைக் வேண்டாம் என்பது என் கருத்து. ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். அதைவிட, இருபது முப்பது பேருக்குள் மைக்கைப் பிடித்ததும் புதிதாக வாசிக்கிறவருக்குக் குரல் இறுகிவிடுகிறது. கதிரைகளை வட்டமாகப் போடுங்கள், போதும்.

அப்புறம், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு இடம் என்று ஓடாதீர்கள். நாலு இடம் வைத்துக்கொண்டால் வருடத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை போகலாம். முதல் முறை எட்டிப் பார்த்தவர் இரண்டாம் முறை உள்ளே வந்து இருப்பார். உவர்மலை வீடும் அந்த நாலில் ஒன்றாக இருக்கட்டும். நிலாவெளியை விடவேண்டாம். வருகிற போயாவுக்கு அங்கேயே போங்கள், கதிரையையும் தேத்தண்ணிக் கேத்தலையும் அந்த ஊரிலேயே இரவல் கேளுங்கள். கொடுக்கிறவர்கள் கட்டாயம் வந்து பார்ப்பார்கள்.