கேள்வி – பதில்: எஃகுக்குள் ஒளிந்திருக்கும் துகள்கள்

கேள்வி: 20 மி.மீ. எஃகு பிளேட்டில் சார்ப்பி சோதனை (ஊசலால் அடித்து, துண்டு முறிய எத்தனை ஜூல் ஆற்றல் ஆகிறது என்று பார்ப்பது) செய்தோம். உருட்டிய திசையில் வெட்டிய துண்டு 120 ஜூல் தாங்கியது. குறுக்கே வெட்டியது 45 ஜூலிலேயே முறிந்துவிட்டது. சர்டிஃபிகேட்டில் சல்ஃபர் 0.022 சதவீதம், வரம்புக்குள்தான். கோளாறு எங்கே?
– வாசகர், துவாக்குடி

பதில்: சோதனையில் கோளாறு இல்லை. சல்ஃபர் எஃகில் தனியாக இருக்காது. மாங்கனீஸோடு சேர்ந்து சல்ஃபைடு துகளாக நிற்கும். பிளேட்டைச் சூட்டில் உருட்டும்போது அந்தத் துகளும் கூடவே இழுபட்டு நீண்டு பட்டையாகும். நீளவாக்குத் துண்டில் விரிசல் இந்தப் பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகவேண்டும். குறுக்குத் துண்டிலோ, நார் வாக்கில் விறகு பிளப்பதுபோல, பட்டையை ஒட்டியே ஓடிவிடும். டைட்டானிக் கப்பலின் தகட்டுத் துண்டுகளைச் சோதித்தபோதும் இதைத்தான் பார்த்தார்கள். துண்டு 20 ஜூல் மட்டுமே தாங்கும் நிலையை அளவாக வைத்தால், எஃகு நொறுங்கும் குணத்துக்கு மாறும் வெப்பநிலை நீளவாக்கில் 32 டிகிரி, குறுக்குவாக்கில் 56 டிகிரி செல்சியஸ். அதில் சல்ஃபர் 0.069 சதவீதம். கப்பல் மோதிய இரவில் கடல் நீர் மைனஸ் 2 டிகிரி!

கண்ணால் பார்க்க வேண்டுமானால், உருட்டிய திசைக்கு இணையான வெட்டுமுகத்தைப் பாலிஷ் செய்யுங்கள். அமிலம் தொடவேண்டாம். 100 மடங்கில் சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரிவது சல்ஃபைடு. வரிசையாகக் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவசரப்படாதீர்கள்; அலுமினாத் துகள் பாலிஷில் பிடுங்கிக்கொண்டு போன குழியாகவும் இருக்கலாம்.

வரைபடம் எந்தத் திசையில் எத்தனை ஜூல் கேட்கிறது என்பதை முதலில் பாருங்கள். குறுக்குவாக்கும் முக்கியமென்றால் அடுத்த ஆர்டரில் சல்ஃபர் 0.005 சதவீதத்துக்குள், கால்சியம் சேர்த்தது என்று எழுதிக் கேளுங்கள். கால்சியம் சேர்ந்த சல்ஃபைடு உருட்டும்போது நீளாமல் உருண்டையாகவே நிற்கும். ஆலைக்கு இது சுலபமான வேலையில்லை. கால்சியம் 1484 டிகிரியிலேயே கொதித்துவிடும், லேடிலில் (உருகிய எஃகை ஏந்தும் பெரிய வாளி) இருக்கும் எஃகோ 1600 டிகிரி. அதனால் உறையிட்ட கம்பியாக ஆழத்தில் இறக்குகிறார்கள். சல்ஃபரைக் குறைக்காமலே கம்பியை விட்டால் கால்சியம் சல்ஃபைடு கட்டியாகி உருகிய எஃகு இறங்கும் வார்ப்பு நாசிலை அடைத்துவிடும்.

கேள்வி: இன்க்ளூஷன் (எஃகுக்குள் சிக்கிய அந்நியத் துகள்) கெடுதல் என்கிறீர்கள். ஆனால் அலுமினியமும் டைட்டானியமும் போட்டு வேண்டுமென்றே துகள் உண்டாக்குகிறார்களே?
– வாசகர், கோவை

பதில்: எல்லாம் துகளின் பருமனில்தான் இருக்கிறது. எஃகைச் சூடாக்கும்போது கிரெய்ன் எனும் பரல்கள் ஒன்றையொன்று விழுங்கி வளரும். பரலின் எல்லையில் பொடித் துகள் உட்கார்ந்திருந்தால் எல்லை நகராமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். துகள் எவ்வளவு சிறியதோ, எண்ணிக்கை எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு பிடிப்பு. பரல் பொடியானால் வலிமையும் கூடும், முறியாமல் தாங்கும் குணமும் கூடும். எஃகை வலுவாக்கும் மற்ற வழிகள் பெரும்பாலும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பறிக்கும்.

அலுமினியம் 0.02 முதல் 0.05 சதவீதம் இருந்தால் நைட்ரஜனோடு சேர்ந்து இந்தக் காவலைச் செய்யும். ஆனால் ஏறக்குறைய 1050 டிகிரியைத் தாண்டினால் அந்தத் துகள் கரையத் தொடங்கும். அப்போது சில பரல்கள் மட்டும் திடீரென்று பூதமாக வளர்ந்து, பெரிதும் சிறிதும் கலந்து கிடக்கும். ஃபோர்ஜிங்கில் (சூட்டில் அடித்து வடிவாக்குவது) 1250 டிகிரிக்குச் சூடாக்கி அங்கேயே ஊறவிடுபவர்களுக்கு வரும் தொல்லை இதுதான். சாதாரணக் கார்பன் எஃகென்றால் 900 டிகிரி அளவில் நார்மலைசிங் (சூடாக்கிக் காற்றில் ஆறவிடுவது) செய்தால் பெரும்பாலும் பரல் மறுபடி பொடியாகும்.

டைட்டானியம் நைட்ரைடு இன்னும் கெட்டி; 1200 டிகிரியிலும் கரையாமல் நிற்கும். வெல்டிங் சூட்டை வாங்கும் பிளேட்டுக்கு அதனால்தான் டைட்டானியம் 0.01 முதல் 0.02 சதவீதம் போடுகிறார்கள். கூடுதலாகப் போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்தால் அங்கேதான் இடறும். எடையில் டைட்டானியம் நைட்ரஜனைப்போல் 3.4 மடங்கைத் தாண்டினால் துகள்கள் பருத்துவிடும். டைட்டானியமும் நைட்ரஜனும் இரண்டுமே மிகுந்திருந்தால் எஃகு உறைவதற்கு முன்பே திரவத்தில் பெரிய கட்டிகள் பிறந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் கூர்மூலையுள்ள பொன்னிறச் சதுரங்களாகத் தெரிவது அவைதான். சில பத்து நானோமீட்டரில் காவல் காத்த அதே பொருள், சில மைக்ரான் ஆனதும் விரிசலுக்கு வாசல் திறந்துவிடுகிறது.

கேள்வி: சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டில் (ஃப்ளக்ஸ் எனும் பொடிக்கு அடியில் ஆர்க் எரியும் முறை) ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லதுதானே?
– வாசகர், எண்ணூர்

பதில்: கார்பன்-மாங்கனீஸ் எஃகில் அப்படிச் சொல்லமுடியாது. வெல்ட் உலோகத்தில் 200 முதல் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஆக்சிஜன் இருப்பதே பொதுவாக நல்ல பலன் தருகிறது. 1 மைக்ரானுக்கும் குறைந்த டைட்டானியம் கலந்த ஆக்சைடு உருண்டைகளின் மேல் அசிகுலர் ஃபெரைட் எனும் ஊசி வடிவ இரும்புப் பரல் முளைக்கும். பின்னிய கோரைப்பாய் மாதிரி குறுக்கும் நெடுக்குமான ஊசிகள். விரிசல் ஒவ்வொரு ஊசியிலும் திசை மாறவேண்டியிருக்கும். ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் ஊசி முளைக்க இடமில்லாமல் பெய்னைட் எனும் வேறு பரல் அமைப்பு இணையான பட்டைகளாக வரும். 500 பிபிஎம்மைத் தாண்டினால் பரல் எல்லையில் தடித்த ஃபெரைட் படியும், சார்ப்பி மதிப்பு இறங்கும். ஃப்ளக்ஸை மாற்றும்போது அதன் காரத்தன்மைக் குறியீட்டை மட்டும் பார்க்காமல், உங்கள் கம்பியில் டைட்டானியம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.