கிரிட்டிமட்டியில் போன்ஃபிஷ் கண்ணில் படவில்லையா?

வணக்கம் நண்பரே. பசிபிக் கடலில் உள்ள கிரிபட்டி நாட்டின் கிரிட்டிமட்டித் தீவில் இரண்டு நாள் ஃப்ளை தூண்டிலோடு (எடை குறைந்த செயற்கை இரையை வீசிப் பிடிக்கும் தூண்டில்) அலைந்தும், ஆழமில்லாத கடலில் மேயும் வெள்ளி நிற மீனான போன்ஃபிஷ் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மீனைத் தேடாதீர்கள், நிழலைத் தேடுங்கள். அதன் செதில் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி; வெள்ளை மணலில் உடல் மறைந்துவிடும், நிழல் மட்டும் நகரும். வெயில் முதுகுப்பக்கம் இருக்கட்டும், தண்ணீரின் கூசும் ஒளியைத் தடுக்கும் போலரைஸ்டு மூக்குக்கண்ணாடி கட்டாயம். தூண்டிலை மீனின் தலைமேல் வீசினால் ஓடிவிடும். அது போகிற வழியில் 2 மீட்டர் முன்னால் போடுங்கள்.

மேகம் மூடிவிட்டால் ஊருக்குள் போங்கள். 'மௌரி' என்று வணக்கம் சொல்லுங்கள். மனேயபா என்கிற ஊர்க்கூடத்துக்குக் கூப்பிட்டால் பாயில் சம்மணமிட்டு உட்காருங்கள், காலை நீட்டாதீர்கள்.

அப்புறம், ஹவாய் வழியாகத் திரும்புவதாக இருந்தால் ஒன்று: ஹவாய்க்கும் கிரிட்டிமட்டிக்கும் மணி ஒன்றுதான், தேதி மட்டும் வேறு; ஹவாயில் திங்கள் என்றால் கிரிட்டிமட்டியில் செவ்வாய். திரும்பும் டிக்கெட்டை இன்றே சரிபாருங்கள்.